ஐந்து நாள் அரசனும் ஏழாண்டு ஆளுநர் ஆட்சியும்

விடத்தல்தீவு பெயரளவில்தான் தீவு. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவழியில், பெருநிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் கரையூர் அது. ஒருபுறம் கண்டற் காடும் ஆழம் குறைந்த கடலும். மறுபுறம் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் மாந்தை மேற்கு வயல்வெளிகள். இவ்வூர்க் கரையைப் பற்றி அண்மைக் காலத்தில் இரண்டு கட்டளைகள் பிறந்தன. 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 29,000 ஹெக்டேயர் நிலமும் நீரும் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேயர், நீருயிரின வளர்ப்புக்கென விடுவிக்கப்பட்டது. ஒதுக்கியதும் வர்த்தமானி, விடுவித்ததும் வர்த்தமானி. இரண்டிலும் கையெழுத்து வீழ்ந்தது கொழும்பிலே.

ஒதுக்கியது நன்றா, விடுவித்தது நன்றா என்னும் வாதத்தை இன்று நாம் எடுக்கவில்லை. அவ்விரண்டுக்கும் முந்திய வினா ஒன்று உண்டு. முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்தக் கையை அங்கே வைத்தவர் யார்? அது எப்பொழுது எடுக்கப்படும்? பிழை செய்தால் முறையிட இடம் உண்டா? இவ்வினாக்கள் புதியன அல்ல. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நமது தீவின் தூதுவர்கள் உரோமாபுரியில் இவற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

பிளினி கேட்ட செய்தி

கிறித்து ஆண்டு 77 அளவில் தன் பெருநூலை முடித்த உரோம அறிஞர் பிளினி, கிளவுதியுஸ் பேரரசர் காலத்தில் (41–54) நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் பிளொக்காமுஸ் என்பவருக்கு அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியக் கரையை ஒட்டிக் கப்பல் ஓட்டிச் செல்லுகையில் வாடைக் காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கைத் துறையொன்றை அடைந்தான். அத்துறையின் பெயர் இப்புரோஸ் என்கிறார் பிளினி. மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையே அது என்று கருதுவோர் உளர். கிரேக்க மொழியில் குதிரைக்குரிய சொல் அப்பெயரில் அடங்கியிருப்பது அவர்கள் காட்டும் காரணம்.

வந்தவன் ஆறு மாதம் அரசனின் விருந்தினனாக இருந்து இந்நாட்டு மொழியைக் கற்றான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக் காசுகளை அரசன் வாங்கிப் பார்த்தான். காசுகளிற் பொறித்த தலைகள் வேறு வேறாயிருந்தன, எடையோ ஒன்றாயிருந்தது. பலர் மாறி மாறி ஆண்ட நாட்டில் காசின் நேர்மை மாறாதிருந்ததைக் கண்டு வியந்த அரசன், நான்கு தூதுவரை உரோமாபுரிக்கு அனுப்பினான் என்பது செய்தி.

அத்தூதுவர்கள் தம் நாட்டு ஆட்சியைப் பற்றிச் சொன்னதாகப் பிளினி தருவது இது. அரசனைத் தெரிவு செய்வோர் மக்கள். வயது முதிர்ந்தவனாய், சாந்தகுணமுடையவனாய், பிள்ளையில்லாதவனாய் உள்ள ஒருவனையே தெரிவு செய்வர். பின்னர் பிள்ளை பிறந்துவிட்டால், அரசுரிமை பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாதென்று அவனை விலக்கிவிடுவர். அரசனுக்கு முப்பது ஆலோசகர்களை மக்களே கொடுப்பர். அவர்களிற் பெரும்பான்மையோர் இணங்கினாலன்றி ஒருவனுக்கும் மரணதண்டனை இல்லை. தண்டிக்கப்பட்டவன் மக்களிடம் மேன்முறையீடு செய்யலாம். அதனை விசாரிக்க எழுபது நீதிபதிகள் அமர்த்தப்படுவர்.

இவை முழுதும் உண்மையா? மகாவம்சம் காட்டும் அனுராதபுர அரச வரிசையில் தந்தைக்குப் பின் மகனும், தமையனுக்குப் பின் தம்பியும், சில வேளைகளில் வாளேந்தி வந்தவனும் அரசு கட்டிலேறுவதையே காண்கிறோம். பிள்ளையில்லாதவனைத் தேடி முடிசூட்டும் வழக்கத்துக்கு அங்கே சான்றில்லை. ஆகவே தூதுவர் சொன்னதில் ஒரு பகுதி உயர்வு நவிற்சியாகவோ, உரோமர் தாம் கேட்க விரும்பியதைக் கேட்டதாகவோ இருக்கலாம். ஆயினும் நல்லாட்சி எப்படி இருக்கவேண்டும் என்று அக்காலத்தார் கொண்ட எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது. மக்கள் தெரிவு, ஆலோசனைச் சபை, காலவரை, மேன்முறையீடு என்னும் நான்கு தூண்களையே அவர்கள் குறித்தார்கள்.

இதைக் கேட்ட கிளவுதியுஸின் மனம் என்ன எண்ணியதோ! அவரை மக்கள் தெரிவு செய்யவில்லை. 41 ஆம் ஆண்டில் முந்திய பேரரசன் கொலையுண்ட நாளில், அரண்மனைத் திரைச்சீலைக்குப் பின்னே ஒளிந்திருந்தவரைக் காவற்படையினர் இழுத்துவந்து பேரரசராக்கினர் என்பது வரலாறு. ஆனால் அவர் கற்றவர். உரோமருக்கு வடக்கே வாழ்ந்த எத்துரூஸ்கர் என்னும் பழங்குடியினரின் வரலாற்றை இருபது நூல்களாக எழுதியவர், அவை அழிந்துபோயின. 48 ஆம் ஆண்டில் மூதவையில் அவர் ஆற்றிய உரையொன்று செப்பேடு போல வெண்கலத்தில் பொறிக்கப்பட்டு, பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1528 இல் கண்டெடுக்கப்பட்டது. உரோமாபுரியின் பழைய அரசர் ஒரே குடும்பத்தார் அல்லர், வேற்றூரார் பலர் அங்கே அரசராயினர் என்பதை அவ்வுரை எடுத்துக்காட்டுகிறது.

பழைய உரோமாபுரியின் அரசு

மரபின்படி கி.மு. 753 முதல் 509 வரை உரோமாபுரியை எழுவர் ஆண்டனர். அவர்களைப் பற்றிய கதைகள் பல நூற்றாண்டுகளின் பின்னரே எழுதப்பட்டன. அவற்றிற் புராணம் மிகுதி. எனினும் அரசர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. உரோமப் பொதுவெளியில் 1899 இல் தோண்டியெடுக்கப்பட்ட கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கல்லெழுத்தில் அரசனைக் குறிக்கும் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவ்வரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவில்லை. முதல் அரசன் உரோமுலுஸ் உரோமன். இரண்டாமவன் நூமா, சபீனர் ஊரினன். ஐந்தாமவன் தார்க்குவீனியுஸ், கொரிந்து நகரிலிருந்து வந்த தந்தைக்கு எத்துரூஸ்கர் நகரொன்றிற் பிறந்தவன். ஆறாமவன் சேர்வியுஸ் துல்லியுஸும் மஸ்தார்னா என்னும் எத்துரூஸ்கனே என்று கிளவுதியுஸ் கூறினார். அப்பெயர் எழுதிய சுவரோவியம் வுல்சி என்னும் ஊரின் கல்லறையொன்றில் 1857 இல் வெளிப்பட்டது.

தெரிவு முறைதான் நாம் இங்கே கவனிக்கவேண்டியது. அரசன் இறந்தால் அதிகாரம் மூதவைக்குத் திரும்பும். மூதவையினருள் ஒருவன் இடைக்கால அரசனாவான். அவனுடைய ஆட்சிக்காலம் ஐந்து நாள். ஐந்தாம் நாள் முடிவில் மற்றொருவனிடம் அதிகாரத்தைக் கையளித்து இறங்கிவிட வேண்டும். தக்கவன் ஒருவனைக் கண்டதும் அவன் பெயரை மக்கள் கூட்டத்தின்முன் வைப்பர். மக்கள் முப்பது பிரிவினராக நின்று வாக்களிப்பர்; மூதவை இசைவு தரும்; அதன் பின்னரே அவன் அரசன்.

உரோமுலுஸின் பின் மூதவையினர் நூற்றுவரும் இவ்வாறு ஐந்தைந்து நாளாக மாறி மாறி ஓராண்டு ஆண்டார்கள் என்று கதை சொல்கிறது. அப்பொழுது மக்கள் பொறுமை இழந்தனர். ஓர் ஆண்டான் இருந்த இடத்தில் நூறு ஆண்டான்கள் வந்துவிட்டார்கள், எங்களைக் கேட்டு ஒருவனை அமர்த்துங்கள் என்று குரல் எழுப்பினர். மூதவை பணிந்தது, நூமா தெரிவானான். ஓராண்டு இடைவெளியையே பொறுக்காத மக்கள் அவர்கள்!

அம்முறை கெட்டது எவ்வாறு? மெல்ல மெல்லக் கெட்டது. ஐந்தாம் அரசன், முந்திய அரசனின் புதல்வரை வாக்களிப்பு வேளையில் வேட்டைக்கு அனுப்பிவிட்டுத் தன் பெயரை முன்வைத்தான். ஆறாமவன், இறந்த அரசன் உயிரோடிருப்பதாகச் சொல்லவைத்து, மக்கள் வாக்கின்றி முதலில் ஆட்சியைக் கைப்பற்றினான். வாக்குப் பின்னரே வந்தது. ஏழாமவன், செருக்கன் எனப்பட்ட தார்க்குவீனியுஸ், வாக்கும் கேளாமல் மூதவையின் இசைவும் கேளாமல் அமர்ந்தான். உயிர்த்தண்டனை வழக்குகளை ஆலோசகரின்றித் தான் ஒருவனாகவே விசாரித்தான். சதுப்பு நிலத்தை வடித்த பெருங்கால்வாயையும் கோயிலையும் அமைத்தவனும் அவனே. ஆனால் அதற்கு மக்களைக் கட்டாய வேலையில் வதைத்தான். நல்ல கட்டடம் தீய ஆட்சியை நியாயப்படுத்தாது என்று கண்ட உரோமர், கி.மு. 509 இல் அவனைத் துரத்தினர்.

துரத்திய பின் அவர்கள் செய்ததுதான் அறிவுடைமை. எத்துரூஸ்கரிடமிருந்து வந்த அரச சின்னங்களான தந்த நாற்காலி, செவ்வூதாக் கரையிட்ட ஆடை, கோல்கட்டில் செருகிய கோடரி ஆகியவற்றை அவர்கள் எறிந்துவிடவில்லை. அதிகாரமின்றி நாடு நடவாது என்பதை அறிந்திருந்தனர். அவ்வதிகாரத்தை இருவரிடம் பகிர்ந்து கொடுத்தனர். ஒருவன் செய்வதை மற்றவன் தடுக்கலாம். ஓராண்டில் இருவரும் இறங்கவேண்டும். நகருக்குள் கோல்கட்டிலிருந்து கோடரியைக் கழற்றிவிட வேண்டும். ஏனெனில் குடிமகன் மக்களிடம் மேன்முறையீடு செய்யும் உரிமை பெற்றான். அரசன் என்ற பெயரைப் பூசை செய்யும் ஒருவனுக்கு மட்டும் விட்டுவைத்து, ஆட்சிப் பதவி எதுவும் வகிக்கலாகாதென அவனுக்கு விதித்தனர்.

அது பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. அக்குடியரசு செல்வக் குடும்பங்களின் கையில் இருந்தது. எளிய மக்கள் கி.மு. 494 இல் நகரை விட்டு வெளியேறிப் போராடியே தமக்கெனக் காவலரைப் பெற்றனர். கிளவுதியுஸ் காலத்துக்குள் அக்குடியரசும் ஒழிந்துவிட்டது. ஆண்டுதோறும் இருவர் தெரிவாயினர், கோல்கட்டும் முன்னே சென்றது. அதிகாரம் மட்டும் ஒருவரிடம் இருந்தது. பெயர் எஞ்சியிருக்கப் பொருள் போய்விடலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமது கரையில்

இனி நமது கரைக்கு வருவோம். இங்கே அரசர் போனது ஒருமுறையன்று. யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி 1544 இல் மன்னாரிற் கத்தோலிக்க மறை தழுவிய அறுநூறு பேர்வரை கொல்வித்தான் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்களுக்கு முப்பது ஆலோசகரும் இல்லை, எழுபது நீதிபதிகளும் இல்லை. தமிழ் மன்னன் செய்தான் என்பதற்காக அதனை நாம் மறைக்கலாகாது. கடிவாளமற்ற அதிகாரம் தன் மொழி பேசுவோனையும் கொல்லும் என்பதே அதன் பாடம். 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தனர்; 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1658 இல் ஒல்லாந்தர். 1795 இல் ஆங்கிலேயர். 1833 இல் வட மாகாணம் வரையப்பட்டது. அதன்மேல் தேசாதிபதி அமர்ந்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1948 இல் சுதந்திரம் வந்தது.

1972 இல் இலங்கை தன்னைக் குடியரசு என்று பிரகடனஞ் செய்து ஆங்கில முடியை நீக்கிற்று. அப்பொழுது உரோமர் செய்ததை நாமும் செய்திருக்கலாம். ஆறே ஆண்டுகளில், 1978 அரசியலமைப்பு, நிறைவேற்று அதிகாரத்தை ஒரே சனாதிபதியின் கையில் திரட்டிக் கொடுத்தது. உரோமர் அரசனைத் துரத்தி அதிகாரத்தைப் பிரித்தனர். நாமோ அரசியை நீக்கி அதிகாரத்தைக் குவித்தோம்.

அக்குவியலில் ஒரு சிறு பங்கையாவது மாகாணங்களுக்குக் கொடுக்க வந்ததே 1987 இன் 13 ஆம் திருத்தம். அதன் வரலாற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1988 இல் தெரிவான வடகிழக்கு மாகாணசபை 1990 இல் முடிவுற்றது. அதன் பின் வட மாகாணத்தவர் தமது சபையைத் தெரிவு செய்ய 2013 செப்டெம்பர் 21 வரை காத்திருந்தனர். அச்சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 ஒக்டோபரில் நிறைவெய்தியது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறை நீங்கியது, புதிய முறை வரவில்லை. இரண்டுக்கும் நடுவே வாக்குரிமை தொங்கியது. சபை முடிவுற்று ஏழாண்டுகள் கழிந்தும் தேர்தல் நடைபெறவில்லை. 1987 தொடங்கி எண்ணினால், தெரிவான சபை இருந்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஏழாண்டுகளே.

சபை இல்லாத காலத்தில் மாகாணத்தை நடத்துபவர் ஆளுநர். அவரை நியமிப்பவர் சனாதிபதி. ஆளுநராக வந்தவர்களுள் நல்லவரும் இருந்திருக்கலாம், திறமையுடையவரும் இருந்திருக்கலாம். ஆட்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆளுநர் ஆட்சி என்பது அதன் இயல்பில் ஓர் இடைக்கால ஏற்பாடு. உரோமர் அத்தகைய இடைக்கால அரசனுக்குக் கொடுத்த காலம் ஐந்து நாள். நமது சட்டம் கொடுத்திருப்பதோ எல்லையற்ற காலம். இடைவெளியே ஆட்சியாகிவிட்டால், அதனை இடைவெளி என்று எப்படிச் சொல்வது?

இதே நோய் அடிமட்டச் சபைகளையும் தீண்டிற்று. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடைபெற்றது 2025 மே 6 ஆம் நாளில். ஈராண்டுக்கு மேலாக ஊர் வீதிக்கும் விளக்குக்கும் பொறுப்பாயிருந்தவர்கள் ஊரவர் வாக்களியாத உத்தியோகத்தர்கள்.

உழவர் அறிந்த ஆட்சி

இதனைப் படிக்கும் உழவர் ஒருவர், "உரோமர் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். அவருக்கு நாம் சொல்வோம்: ஐயா, நீங்கள் அறியாத எதனையும் உரோமர் செய்துவிடவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நீங்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கூடுகிறீர்கள். அருவியாற்றிலிருந்து தேக்கம் அணை வழியாகக் கட்டுக்கரைக்குளத்துக்கு வந்த நீர் எவ்வளவு, எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்காலை எந்நாள் திறப்பது, எந்நாள் மூடுவது, மாடுகளை எப்பொழுது கட்டுவது என்று பேசித் தீர்மானிக்கிறீர்கள். வாய்க்காலைப் பார்க்க ஒருவரை அமர்த்துகிறீர்கள். அவர் ஒருவனுக்கு நீர் கூட்டி மற்றவனுக்குக் குறைத்தால் அடுத்த கூட்டத்திற் கேட்கிறீர்கள். ஆங்கிலேயர் 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றியபோது இவ்வகைப் பழைய வழக்கத்தையே சட்டத்தில் ஏற்றுக்கொண்டனர்.

தமிழகத்து உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921 இல், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரியத்தாரைத் தெரிவு செய்யும் விதி அங்கே பொறிக்கப்பட்டது. பதவிக்காலம் ஓராண்டு. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரலாகாது. நிலமுடைய அந்தணர்க்கே அச்சபையில் இடம் இருந்தது என்பது அதன் குறை. அக்குறையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் காலவரையும் கணக்கும் இல்லாத பதவி கூடாது என்ற நெறி நமக்கு அந்நியமானதன்று.

வாய்க்காலைப் பார்ப்பவர் ஏழாண்டு கூட்டம் கூட்டாமலே இருந்தால் நீங்கள் பொறுப்பீர்களா? குளத்து நீருக்கு ஒரு நீதி, மாகாணத்து ஆட்சிக்கு வேறொரு நீதியா?

விடத்தல்தீவின் 168 ஹெக்டேயர் வழக்கு இங்கே மறுபடியும் நினைக்கத்தக்கது. வர்த்தமானி வெளிவந்த 2024 ஆம் ஆண்டிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நான்கு தூண்களுள் மேன்முறையீடு என்ற ஒன்று இன்னும் நிற்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் வலைஞனும் உழவனும் ஒவ்வொரு முடிவுக்கும் கொழும்பு நீதிமன்றத்தை நாடிக்கொண்டிருக்க இயலுமா? ஒரு தூணில் வீடு நிற்குமா?

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாகாணசபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கவேண்டும். புதிய முறை ஆயத்தமாகும் வரை பழைய முறையிலேனும் அதனை நடத்தச் சட்டம் செய்யவேண்டும். இரண்டாவது, சபையின்றி ஆளுநர் தனித்து ஆளும் காலத்துக்குச் சட்டத்திலே எல்லை வேண்டும். ஐந்து நாளை நாம் கேட்கவில்லை. ஆறு மாதம் போதும். அது கழிந்தால் எவர் விருப்பையும் எதிர்பாராமல் தேர்தல் தானாகவே வரவேண்டும். மூன்றாவது, ஓர் ஊரின் கரையையோ காட்டையோ வயலையோ ஒதுக்கும்போதும் விடுவிக்கும்போதும் அவ்வூரவரைக் கூட்டி வெளிப்படையாகக் கேட்டல் கட்டாயமாகவேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் கைகழுவிவிட முடியாது. எத்துரூஸ்கரின் நகரங்கள் செல்வத்திலும் தொழிலிலும் உரோமருக்குத் தாழ்ந்தவை அல்ல. ஆயினும் வேயி நகரத்தார் கி.மு. 403 இல் அரசன் ஒருவனை அமர்த்தியபோது, அவன்மீது கொண்ட வெறுப்பால் மற்றைய நகரங்கள் அவர்களுக்கு உதவ மறுத்தன, கி.மு. 396 இல் வேயி உரோமர் கையில் வீழ்ந்தது. ஏனைய நகரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியே போயின. வட மாகாணசபைக்குக் கிடைத்த ஐந்தாண்டில் நம்மவர் என்ன செய்தனர்? 2017 இல் தம் முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணரும் அளவுக்குத் தம்முட் பிணங்கினர். அடுத்த சபை வரும்போது அதன் உறுப்பினரிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. கேளாத குடிகளுக்குச் சபையும் ஒன்றே, ஆளுநரும் ஒன்றே.

படித்தவர்கள் மனு எழுதட்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் ஓட்டையைச் சுட்டிக்காட்டட்டும். உழவர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் தத்தம் கூட்டங்களில் இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வேறெதனையும் கேட்குமுன், தேர்தல் எந்நாள் என்று கேளுங்கள்.

அன்று நமது தீவின் அரசன் வியந்தது உரோமரின் படையையன்று, செல்வத்தையுமன்று. தலைகள் மாறியும் எடை மாறாத காசையே வியந்தான். ஆளுவோர் மாறுவர், ஆங்கிலேயர் போவர், சனாதிபதிகள் வருவர், ஆளுநர்கள் செல்வர். விடத்தல்தீவு வலைஞனின் வாக்கும் கொழும்புக் கனவானின் வாக்கும் ஒரே எடையாய் இருத்தல் வேண்டும். எடை குறைந்த காசை நாம் கடையில் வாங்கமாட்டோம். ஆட்சியில் மட்டும் அதனை வாங்கிக்கொண்டு வாளாவிருப்பதோ?